முழங்கைக்குப் பின்னால் ஒரு நரம்பு

18.8.86, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மேகம் இருக்கு, மழை இல்லை. டைப் இன்ஸ்டிடியூட்டில் மூணாம் மெஷினுக்கு ரிப்பன் மாத்தணும். லோயர் ஒன்பது பேர், ஹையர் நாலு.

இடது முழங்கை வலி நேத்தைவிட அதிகம். கம்பியைக் காய்ச்சி சுண்டுவிரல் வரைக்கும் இழுத்துவிட்ட மாதிரி. இங்கிலீஷ் ‘ஏ’ எழுத்தை அந்த விரலால்தான் அடிக்கணும். பாதி எழுத்துதான் தாளில் விழுது. ஒரு பொண்ணு கேட்டுட்டா: “இன்னா மிஸ், உங்க ஷீட்லயே மிஸ்டேக் கீது?” சிரிச்சு மழுப்பினேன்.

மாத்திரையை நிறுத்தி நாலு நாள் ஆச்சு. தொழுநோய்க்கு மாத்திரை ஆரம்பிச்ச மூணாம் மாசம்தான் இந்த வலி வந்தது. அதுக்கு முன்னாடி முதுகில், தொடையில் மரத்த படை. அவ்வளவுதான். வலின்னு ஒண்ணே இல்லை. அப்போ எது வியாதி, எது மருந்து?

(வியாதி பேரை இந்த நோட்டில் எழுதறது இதுதான் முதல் தடவை. மல்லிகா கண்ணில் படாமல் வைக்கணும்.)

ஞாயிறு அவளைப் பொண்ணு பார்க்க பெருநகர்ங்கிற ஊரில் இருந்து வராங்க. அப்பா அம்மா போனப்புறம் தங்கச்சிக்கு நான்தான் எல்லாம். வாங்க: ரவை, பூ, நல்ல டம்ளர் ஆறு.

19.8, செவ்வாய்

தேவதாஸ் சார் வந்தார். தொழுநோய் இன்ஸ்பெக்டர். எப்பவும் போல கையில் ஒரு காகிதம், லெட்டர் டைப் அடிக்க வந்தவர் மாதிரி. எனக்காகத்தான் அந்த வேஷம். பேட்ச் கலைஞ்சதும் கேட்டார்.

“மாத்திர சாப்பிடறியாம்மா?”

“சாப்பிடறேன் சார்.”

“மாத்திர அட்டயக் காட்டு.”

காட்டலை. அவரும் திட்டலை. முழங்கைக்குப் பின்னால் விரல் வெச்சு லேசா உருட்டினார். கத்திட்டேன். நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்காம். கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். சுண்டுவிரல் பக்கம் ரெண்டு தடவை தொட்டாராம். எனக்குத் தெரியவே இல்லை.

“நாளைக்கே ஆஸ்பத்திரி போயிடு.”

“ஞாயித்துக்கெழம முடியட்டும் சார்.”

“நரம்பு இன்னா ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்துக்கினு இருக்குமா? வெரலு மடங்கிப் போச்சின்னா நிமுத்தறது பெரும்பாடும்மா.”

20.8, புதன்

போகலை.

மல்லி தேங்காயெண்ணெய் சூடு பண்ணித் தேய்ச்சு விட்டாள். “ரொம்ப டைப் அடிக்கிற, அதான்.” அவள் கை பட்ட இடமெல்லாம் எரிச்சல். பல்லைக் கடிச்சுக்கிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா: “இன்னாடி சரோஜா, கலரே மாறிப்பூட்ட? வெயில்லயா சுத்தற?” வெயில் இல்லை, மாத்திரை. கறுப்படிக்கும்னு முதல்லயே சொன்னாங்க.

ஒரு தாளை விரலிடுக்கில் வெச்சு மறு கையால் இழுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் பிடிக்கவே இல்லை. நாலு தடவை. அஞ்சாவது தடவை பார்க்க பயம்.

21.8, வியாழன்

ரிப்பன் வாங்கப் போறேன்னு பொய். ஆஸ்பத்திரிக்கு 7.40 பஸ். நிக்கவே இடமில்லை. கையை நெஞ்சோடு கட்டிக்கிட்டே போனேன்.

டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன்: “மருந்து சாப்பிட்டா வலிக்குது, சாப்பிடலன்னாலும் வலிக்குது. இன்னா மருந்து இது?”

ஓ.பி. சீட்டின் பின்னால் படம் போட்டாங்க. வயர் மாதிரி நரம்பு, மேலே உறை, உள்ளே புள்ளி புள்ளியாக் கிருமி. மாத்திரை கிருமியைக் கொல்லுது. செத்தது அங்கேயே கிடக்கு. இத்தனை நாள் சும்மா இருந்த உடம்பு இப்பதான் முழிச்சுக்கிட்டு, ரத்தத்தில் இருக்கிற காவல் அணுக்களை அனுப்பித் தேடித் தேடி அடிக்குது. கூடவே நரம்பும் அடி வாங்குது, வீங்குது. முழங்கை வளைவில் வீங்க இடமில்லை. அதான் வலி.

“அப்ப என் ஒடம்பேதான் என் கையத் திங்குதா?”

“திங்கலை. ஆள் தெரியாம அடிக்குது. நிறுத்த வேண்டியது இந்த மாத்திரையை இல்லை, அந்தச் சண்டையை.”

பழைய மாத்திரை தொடரணும். சண்டையை அடக்க வேற மாத்திரை. இன்னிக்கே வார்டில் சேரணும், ரெண்டு வாரம். நரம்பு ரொம்ப அடிபட்டால், சண்டை ஓய்ஞ்சப்புறமும் அதுவா வலியைக் கிளப்பிக்கிட்டே இருக்குமாம், வருஷக்கணக்கில். துணி எடுத்துக்கிட்டு நாளைக்கு வரேன்னு சொன்னேன். அவங்க நம்பலை. நானும்தான்.

22.8, வெள்ளி

மல்லிகிட்ட சொல்லிட்டேன். அடுப்பங்கரையில் நின்னபடியே, ஒரே மூச்சில்.

வியாதிக்கு அழலை. “தனித் தட்டுல துன்றது வேண்டுதல்னு சொன்னியே. வேண்டுதலா அது? அஞ்சு மாசமா என்னை முட்டாளாக்கிக்கினு இருந்தியா?”

“ஒன் கல்யாணம்டி...”

“கையில்லாம வந்து ஆரத்தி எடுக்கப் போறியா? கெளம்பு. ஞாயித்துக்கெழமைய நான் பாத்துக்கறேன்.”

இன்ஸ்டிடியூட் பூட்டியாச்சு. மாலை அட்மிஷன். 14ஆம் கட்டில்.

24.8, ஞாயிறு

கையை மடக்கி, அசையாமல் இருக்க சிம்பு வெச்சுக் கட்டியிருக்காங்க. நோட்டு பிடிக்க முடியலை, தலையணை மேல் வெச்சு எழுதறேன். மணி நாலு. இப்ப வந்திருப்பாங்க. அஞ்சு. அஞ்சரை. பக்கத்துக் கட்டில் அம்மா: “கொஞ்சம் ஒக்காரும்மா. நீ குறுக்கும் நெடுக்கும் நடக்கறதப் பாத்தா எனக்கே தல சுத்துது.”

25.8, திங்கள்

மல்லி வந்தாள். அக்கா எங்கேன்னு கேட்டாங்களாம். ஆஸ்பத்திரி பேரோடு சொல்லிட்டாளாம். மாப்பிள்ளையோட அம்மா டம்ளரைக் கீழே வெச்சுட்டாங்க. அவரோட சித்தியோ யாரோ, “இது ஒட்டுமா?”ன்னு கேட்டாங்களாம். மாப்பிள்ளை வாயே திறக்கலை. கால் மணியில் கிளம்பிட்டாங்க.

“நான்தான் வேணாம்னு சொன்னேன்னு வெச்சிக்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல அந்தாளு.”

அழுதேன். இந்த எட்டு நாளும் வலிக்குக்கூட அப்படி அழலை.

30.8, சனி

நல்ல மழை. எரிச்சல் குறைஞ்சிருக்கு. பேனா முனை ஒரு இடத்தில் தெரியுது, ஒரு இடத்தில் இல்லை. விரல் முழுசாத் திரும்புமான்னு சொல்ல மாசங்கள் ஆகும்னு டாக்டரம்மா. கல்யாண புரோக்கர் வீட்டுக்கு வந்து சொல்லிட்டானாம், பெருநகர்க்காரங்க வேணாம்னுட்டாங்க.

கூட இருக்கிறவங்களையும் சோதிச்சுப் பார்க்கணும்னு இன்னிக்கு மல்லியை உள்ளே கூப்பிட்டாங்க. நான் வெளியே பெஞ்சில். அரை மணி. கதவையே பார்த்துக்கிட்டு.

வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தோள்பட்டைக்குப் பின்னாடி ஒரு தேமல். எட்டணா அகலங்கூட இல்ல. எனக்குத் தெரியவே தெரியாது. நரம்புக்கு இன்னும் ஒண்ணும் ஆவலயாம்.” அப்புறம், “எனக்கு ஆறு மாசந்தான் மாத்திர. ஒனக்குத்தான் ரெண்டு வருசம்.” சிரிக்கப் பார்த்தாள்.

நான் சொல்லாமலே இருந்திருந்தால்? அந்தத் தேமலை யார் பார்த்திருப்பாங்க? அவள் கையைப் பிடிச்சுக்கிட்டேன், நல்ல கையால். மழை விடுற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.