டைலர் வேலை என்று நினைத்து நீங்கள் வந்த இடம்

அப்பா,

உங்கள் வெள்ளைச் சட்டையின் பையில் இன்று ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கிடைத்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் அக்காக்கள் தையல் விட்டுப்போன இடத்தில் ஒட்டுவார்களே, அதுதான். அம்பு ஒட்டிய பீஸ் ஆல்டர். பிரித்துத் தைத்தால் மறுபடியும் நல்ல பீஸ். இதன் பசை காய்ந்துவிட்டது. ஓரத்தில் நூல் துணுக்கு ஒட்டியிருக்கிறது. அம்மா தூங்குகிறாள். விழித்துக்கொண்டால் படிப்பதுபோல் இருக்கட்டும் என்று அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று பள்ளியில் செல்வி அழுதாள். இந்த வருடம்தான் எங்கள் வகுப்புக்கு வந்தவள். அவள் அப்பாவும் பனியன் கம்பெனிதான், அயர்ன் மாஸ்டர். நேற்று அவர் குடித்துவிட்டு வந்து அவள் புத்தகங்களைச் சாக்கடையில் வீசிவிட்டாராம். "உனக்கென்னடி, உங்கப்பா நல்லவரு. மஞ்சக்காமாலைல போனாரு. எங்கப்பா குடிச்சேதான் சாவாரு" என்றாள். நான் தலையாட்டினேன். "இத நிறுத்தறதுக்கு எங்காச்சும் எடம் இருக்குமாடி?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாது" என்றேன்.

தலையாட்டியதும் பொய், தெரியாது என்றதும் பொய்.

மஞ்சள் காமாலை என்று சொல்லச் சொன்னது அம்மா. "வெளிய தெரிஞ்சா உன்ன எவன் கட்டுவான்?" என்றாள். சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிவிட்டது.

அந்த இடத்தை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று உங்களிடம் சொன்னதே இல்லை. ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கிய கையோடு குடித்துவிட்டு எங்கள் பள்ளிச் சாலையில் மின்கம்பத்தடியில் கிடந்தீர்கள். டியூஷன் முடிந்து தோழிகளோடு வந்துகொண்டிருந்தேன். உங்களைப் பார்க்கக் கூடாதென்று கம்பத்தைப் பார்த்தேன். டைலர் தேவை, கைமடி தேவை, ஹெல்பர் தேவை என்று ஒட்டியிருந்த நோட்டீஸ்களுக்கு நடுவே, குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மாலை கூடும் இடம் என்று ஒரு சின்னக் காகிதம். மறுநாள் போய் அதைக் கிழித்து வந்தேன். உங்களைத் தூக்கத்தான் அன்று குனியவில்லை.

"ஒரு இடத்துக்குப் போகணும்ப்பா, கம்பத்துல நோட்டீஸ் பார்த்தேன்" என்றுதான் சொன்னேன். கம்பத்து நோட்டீஸ் என்றால் நம் ஊரில் வேலைதானே! நீங்களாகவே அப்படி நினைத்துக்கொண்டீர்கள். நான் திருத்தவில்லை. அடுத்த சனிக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நூல் வெட்டும் கத்தரியைப் பையில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினீர்கள்.

சர்ச்சுக்குப் பின்னால் இருந்த அறையின் வாசலில் ஒருவர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கத்தரியை எடுத்துக் காட்டி, "பீஸ் ரேட்டா, ஷிப்டா அண்ணே? நான் ஓவர்லாக், பிளாட்லாக் ரெண்டும் ஓட்டுவேன்" என்றீர்கள்.

"இங்க மெஷினே இல்லீங்களே" என்றார் அவர். "ஆனா உள்ள உக்காந்திருக்கறவங்க பூராம் டைலருங்கதானுங்க. குடிய நிறுத்தறதுக்குக் கூடியிருக்கறமுங்க."

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். அடிப்பீர்கள் என்று பயந்தேன். கத்தரியை மெல்லப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வந்தது வந்தாச்சு. டீயாவது குடிச்சிட்டுப் போவோம், ஆத்தா" என்றீர்கள்.

திரும்பும்போது கேட்டீர்கள். "ஏன் ஆத்தா மொதல்லயே சொல்லல?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் போனோம். வழியில் கடைப்பக்கம் திரும்பிவிடாமல் இருக்க நானும் கூடவே வருவேன். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, தான் குடிநோயாளி என்று சொல்வார்கள். உங்கள் முறை வந்தால் "அடுத்தாளு பேசட்டும்" என்பீர்கள். குடிக்காமல் இருந்தீர்கள், ஆனால் அந்த வார்த்தை மட்டும் உங்கள் வாயில் வரவில்லை. பிறகு ஒருநாள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த இந்த ஸ்டிக்கரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு எழுந்தீர்கள். "நான் குடிநோயாளி. ரிஜெக்ட் இல்லண்ணே, ஆல்டர் பீஸு. பிரிச்சுத் தைக்கணும்."

கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. பஸ்ஸிலும் அதைக் கழற்றாமலே வந்தீர்கள். யாராவது என்ன என்று கேட்டுவிடுவார்களோ என்று நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். பின்னால் கம்பியைப் பிடித்தபடி நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

ஈரல் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்ததாகப் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். கடைசிவரை நீங்கள் குடிக்கவில்லை. பெருமையாகச் சொல்ல எனக்கு இருப்பது அது ஒன்றுதான். அதைத்தான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

நாளை மறுநாள் சனிக்கிழமை. செல்வியிடம் சொல்ல வேண்டியதைப் போர்வைக்குள் சொல்லிப் பார்த்தேன். "அயர்ன் மாஸ்டர் தேவைன்னு சொல்லி உங்கப்பாவக் கூட்டிட்டு வாடி." இது வந்துவிட்டது. "எங்கப்பாவும் டைலர் வேலைன்னுதான் வந்தாரு." இது 'எங்கப்பாவும்' என்பதோடு நின்றுவிடுகிறது.

ஸ்டிக்கரை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டேன். நாளைக்கு வாய் வராவிட்டால் அதை எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுவேன். அயர்ன் மாஸ்டர் மகளுக்கு அது என்னவென்று தெரியும். யாருடையது என்றுதான் கேட்பாள்.