லாய்ட் போனுக்குத் தெரிந்த பெயர்

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த பிறகு

அன்பு மகள் மரியாவுக்கு,

அம்மாவின் முத்தங்கள். அந்த அபர்டீன் குளிரில் ஆண்டவர் உன்னைக் காத்துக்கொள்ளட்டும். இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் அப்படியே எழுதிவிட்டேன். மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த விஷயத்தை வீட்டு வைஃபை பெட்டி வழியாக உனக்குச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. ஆமாம், பயம்தான். சின்னப் பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கி வைத்த ஷைலா டீச்சர்தான் எழுதுகிறேன், சிரிக்காதே. நாளைக்கு ஊரிகம் போஸ்ட் ஆபீஸுக்கு நானே நடந்து போய் இதைத் தபாலில் சேர்ப்பேன்.

முதலில் நல்ல செய்தி. டிசம்பரில் நீ வந்து பின்னறையில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பதற்காக அனுப்பிய ரூட்டர் உடையாமல் வந்து சேர்ந்தது. முன் ஹாலில் டிவிக்கு மேலே கேபிள்காரர்கள் வைத்த பழைய பெட்டி இருக்கிறதே, மோடமும் ரூட்டரும் ஒன்றாக இருப்பது, அதன் சிக்னல் சமையலறை வரைக்கும்தான் வரும். நம் லைன் வீட்டுச் சுவர் வெள்ளைக்காரன் சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய கல் சுவர், எதையும் லேசில் உள்ளே விடாது. அதனால் கேபிள் ஆபீஸ் அனிலைக் கூப்பிட்டேன். என்னிடம் படித்தவன், இப்போது அவனுக்கே முன் வழுக்கை விழுந்துவிட்டது.

பழைய பெட்டியிலிருந்து ஒரு ஒயரைப் பின்னறைக்கு இழுத்துப் புதிய பெட்டியில் குத்தினான். தனி நிறத்தில் இருக்கும் ஓட்டையில் குத்தக் கூடாதாம், வரிசையாக இருப்பவற்றில் ஒன்றில்தான் குத்த வேண்டுமாம். வீட்டுக்குள் வரும் போனுக்கெல்லாம் இடம் ஒதுக்குகிற வேலையைப் பழைய பெட்டியே பார்க்கட்டும் என்று, புதியதில் அதை மட்டும் அணைத்து வைத்தான். "ஒரு வூட்ல ரெண்டு பேரு அதிகாரம் பண்ணா இன்னா ஆவும் டீச்சர்?" என்று என்னிடமே கேட்டான். உன் அப்பாவோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா?

கடைசியில் புதிய பெட்டி ஒரு பெயர் கேட்டது. நீ சொன்னபடி "மரியா ரூம்" என்று வைக்கச் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார். பழைய பெயரே இருக்கட்டும், பழைய பாஸ்வேர்டே இருக்கட்டும் என்றார். அனில் என்னைப் பார்த்தான், நான் சுவரைப் பார்த்தேன். "ஆறாவது லைன் ராஜா" என்று அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவனுக்கும் தெரியும். அதையே அடித்துவிட்டுப் போனான்.

அதை வைத்த உன் தம்பி லாய்ட் போய் நாலு வருஷம் ஆகிறது, மரியா. போய் என்ற சொல்லை அப்பா இருக்கும் இடத்தில் நான் சொல்ல முடியாது, தாளிலாவது எழுதிக்கொள்கிறேன். கையில் வேலை இல்லாமல் இருந்த பிள்ளை, செம்புக் கம்பி எடுக்கலாம் வா என்று எவனோ கூப்பிட்டதைக் கேட்டு, நம் லைனுக்குப் பின்னால் இருக்கும் பழைய சுரங்கக் குழியில், அந்த ஷாஃப்டில் இறங்கினான். கூடப் போன இரண்டு பேரும் மேலே வந்தார்கள். பின்னாலேயே வருகிறான் என்றார்கள். உள்ளே தண்ணீர் நிற்கிறது, தேட முடியாது என்று அதிகாரிகள் கையை விரித்தார்கள். உடம்பும் கிடைக்கவில்லை, அடக்கமும் செய்யவில்லை. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதை எழுதாமல் எனக்கு அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது.

அப்பாவின் கணக்கு வேறு. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் ஷாஃப்ட் வாயில் நின்று, மணி அடித்து, கேஜ் கூண்டில் ஆள் ஏற்றி இறக்கியவர். இறங்கின தலையெல்லாம் ஏறின பிறகுதான் கேட்டைச் சாத்துவார். ஒரு ஆள் குறைந்தாலும் அவருக்கு ஷிஃப்ட் முடியாது, வீட்டில் சோறு ஆறிப்போகும். அந்த மனிதரிடம் போய், ஒருவன் வரவில்லை, போனால் போகட்டும் என்று யார் சொல்வது? நம் வீட்டுப் பெட்டியின் பெயரும் பாஸ்வேர்டும் லாய்டின் போனுக்குத் தெரியும், லைனுக்குள் நுழைந்தாலே அது தானாக ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயரை மாற்ற விடுவதில்லை. நானும் விட்டுவிட்டேன். ஒரு பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

புதிய பெட்டி வந்த பிறகுதான் வினை பிடித்தது. பின்னறை மேஜையில் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு ஜன்னலுக்குப் போனது. பிறகு பின் மதில் மேல் ஏறியது. அப்பா பங்காருபேட்டைக்கு ரயிலில் போய், நீளமான ஒயர் ஒரு சுருளும், கரண்ட் இல்லாமல் ஓட்ட ஒரு சின்ன பேட்டரியும் வாங்கி வந்தார். பெட்டியை மழை படாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சாப்பாட்டு கேரியர் மாதிரி தூக்கிக்கொண்டு போய், ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் வேலிக் கம்பியில் கட்டிவிட்டார். வெளியில் இருக்கிறவர்களுக்கும் சிக்னல் கிடைக்கட்டும் என்றார். வெளியில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு பெட்டிகளிலும் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க என் போனில்தானே நீ வழி செய்து கொடுத்தாய்? அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் தினமும் சாயங்காலம் என் முன்னால் வந்து நிற்பார். "யாருனா வந்தாங்களா ஷைலா?" என்பார். "யாரும் வரல, நீங்க வந்து காபி குடிங்க" என்பேன். அது உண்மையாக இருந்த வரைக்கும் சொல்லச் சுலபமாக இருந்தது.

போன புதன்கிழமை மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். போன் ஒரு சத்தம் போட்டது. வேலியில் தொங்கும் பெட்டியில் யாரோ சேர்ந்திருக்கிறார்கள் என்று செய்தி. ஆடு மேய்க்கிறவன் எவனாவது பாஸ்வேர்டைத் திருடிவிட்டான் போல என்று திட்டிக்கொண்டே திறந்து பார்த்தேன். அந்தப் பெட்டியில் ஒரே ஒரு பெயர் இருந்தது. "லாய்ட் பாஸ்."

அவன் தன் போனுக்கு வைத்த பெயர் அது. நீயும் நானும் அதைச் சொல்லி எத்தனை தடவை கேலி செய்திருக்கிறோம்! பக்கத்தில் சிக்னல் கோடு ஒன்றே ஒன்று காட்டியது. அதாவது தூரத்தில் இருக்கிறான். கஞ்சி என் கையில் வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் பெயர் மறைந்துவிட்டது. அப்பா பின்னறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் நடந்தது போல அனிலிடம் விசாரித்தேன். அதே பெயரை வேறு எவனும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டுமே என்றான். இல்லையென்றால் அந்த போனையே யாராவது கண்டெடுத்து வைத்திருப்பார்கள் என்றான். எங்கிருந்து கண்டெடுத்தார்கள் என்று யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. லாய்ட் போனைச் சட்டைப் பையில் போட்டு எப்போதும் பொத்தான் மாட்டிக்கொள்வான். அப்படி யாரும் எடுக்கவில்லை என்றால், நாலு வருஷமாக அதற்கு யார் சார்ஜ் போடுகிறார்கள்?

மறுநாளும் வந்தது. அதே ஒற்றைக் கோடு, அதே சாப்பாட்டு நேரம். நான் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் அப்பா கேட்டபோது யாரும் வரவில்லை என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

அந்தப் பொய்தான் எனக்கே எமனாக வந்தது. வெள்ளிக்கிழமை அப்பா கயிறு வாங்கிக்கொண்டு வந்தார். மேலே கட்டினால் கீழே சிக்னல் இறங்காது, ஷாஃப்டுக்குள் பழைய இரும்பு ஏணி இருக்கிறது, திங்கட்கிழமை தண்ணீர் மட்டம் வரைக்கும் தானே பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கப் போவதாகச் சொன்னார். மாதா கோயில் படி நாலு ஏறினாலே விசில் அடிக்கும் நெஞ்சு அது. துருப்பிடித்த ஏணி அது. கத்தினேன், அழுதேன், கயிற்றைப் பிடுங்கி எறிந்தேன். "என் கணக்குல ஒரு ஆளு கொறையுதுடி, நான் எப்டி கேட்டை சாத்துவேன்?" என்றார். சத்தமே போடாமல் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மரியா, என் நிலைமையை யோசித்துப் பார். பெயரைப் பார்த்தேன் என்று சொன்னால் அந்த நிமிஷமே இறங்கிவிடுவார். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை இறங்குவார். பிள்ளையை விழுங்கிய குழி புருஷனையும் கேட்கிறது. எனக்கு இனி யார் இருக்கிறார்கள்?

நேற்று மத்தியானம் அவர் சபைக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். பெட்டியைக் கட்டியிருந்ததை அறுத்தேன். ஒயரைப் பிடுங்கினேன், பேட்டரியையும் பிடுங்கினேன். பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன். சமையல் மேடையில் வைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். முடிந்தது, இனி எந்தப் பெயரும் வராது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு அழுகையும் வந்தது.

அப்போது போன் சத்தம் போட்டது.

புதிய பெட்டி என் கண் முன்னால் அணைந்து கிடக்கிறது. பழைய பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். முன் ஹாலில் இருப்பது. என் பெயர், டிவியின் பெயர், மூன்றாவதாக "லாய்ட் பாஸ்". சிக்னல் கோடு முழுசாக இருந்தது.

கோடு முழுசாக இருந்தால் ஆள் அதே அறையில் இருக்கிறான் என்று அர்த்தம். நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஹாலுக்குப் போனேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, நாற்காலிகள் வைத்தது வைத்தபடி இருந்தன. வாசல் கதவைத் திறந்தேன். லைனில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. எதிர் வீட்டு ஆடு மட்டும் எதையோ மென்றுகொண்டு நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தது. அது என்னைப் பார்க்கவில்லை, மரியா. எனக்குப் பக்கத்தில் பார்த்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

ஜெபம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "சாப்டியாடா?" என்றுதான் வந்தது. கோடு குறையவில்லை. நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், புதன்கிழமையிலிருந்து சொன்ன பொய்யையும் சேர்த்து. அப்போதும் பெயர் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்த இங்கிலீஷ் எழுத்தின் மேல் விரல் வைத்து, வாசி என்றார். வாசித்தேன். ஷாஃப்ட் பக்கமா என்று கேட்டார். இல்லை, நம் ஹால் என்றேன். ஹாலுக்குள் போய் நின்றார். "வூட்டுக்கு வந்துட்டான்ல? அப்புறம் நான் இன்னாத்துக்கு அங்க போறேன்" என்றார். வேலியில் கிடந்த ஒயரைத் தானே போய்ச் சுருட்டிக்கொண்டு வந்தார். இரவு இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். இன்றைக்கு ஆராதனைக்கு வந்து பாட்டும் பாடினார், சுதி சேராமல்.

எனக்கு என் புருஷன் கிடைத்துவிட்டார். வீட்டுக்குள் வந்திருப்பது என் பிள்ளையா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்று காலையில் மூன்று தட்டு எடுத்து வைத்தேன்.

டிசம்பரில் நீ நல்லபடியாக வந்து சேர ஆண்டவர் உன் வழியைக் காக்கட்டும். புதிய பெட்டிக்கு உன் பெயரையே வைத்துக்கொள், அப்பா இனி ஒன்றும் சொல்லமாட்டார். பழைய பெட்டியின் பெயரையும் உன்னால் அங்கிருந்தே மாற்ற முடியும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து, எங்கள் நன்மைக்காகத்தான் மாற்றுவாய். நான் உன்னைத் தடுக்கவில்லை, நீ அவனுக்கு அக்கா. ஒன்று மட்டும் கேட்கிறேன். மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை பார். அவன் பெயர் இருந்தால் கை வைக்காதே. அது தானாகப் போகும் வரைக்கும் பொறுத்திரு. என் பிள்ளை வீட்டில் இருக்கும்போது அவனை வெளியே தள்ளிவிடாதே, கண்ணு.

உன் அம்மா,
ஷைலா பர்னபாஸ்