சத்தமில்லாமல் பார்த்த தொடர்

கண்ணு,

நீ நடித்த டிவி தொடரைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். செத்துப்போன அக்கா பேயாக வந்து, பள்ளிக்கூடம் போகும் தம்பி தங்கையோடு அடிக்கும் கூத்துக்கு ஊர் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. நீ சுவருக்குள் புகுந்து வரும்போதெல்லாம் டிவி வெளிச்சம் தறியிலிருக்கும் பட்டு நூல் மேல் நீலமாக விழும். அந்த நூலுக்குள்ளிருந்து இறங்கி அடுப்படிக்கு வந்துவிடுவாய் போலிருக்கும். ஒருநாள் உனக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஹேமலதா சொன்னாள்: "அக்கா, அது உங்க பொண்ணு குரலே இல்ல. வேற யாரோ பேசிகினு இருக்காங்க."

எங்களுக்கு எப்படித் தெரியும்? விசைத்தறி ஓடுகிற வீட்டில் டிவி சத்தம் யாருக்குக் கேட்கும்? நாம் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிப் பழகியவர்கள். உன்னையும் அப்படித்தான் பார்த்தோம்.

கடைசிக் காட்சியில் பாயசத்தைப் பற்றி நீ ஏதோ ஜோக் சொன்னாயாம். ஹேமலதா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். உன் உதடு பாயசம் என்று சொல்லவே இல்லை. அது சொன்னது வேறு:

"அம்மா, நான் வூட்டுக்கு வரட்டுமா?"

திரும்பி அப்பாவைப் பார்த்தேன். நீ நடிக்கப் போன நாளிலிருந்து உன் பெயரையே எடுக்காதவர், தறியோரம் நின்று உன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தறியை நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பி வாயை மட்டும் அசைத்தார்.

"வரச் சொல்லு."

அம்மா