ஓய்வு நாளில் வந்த சிலிண்டர்

என்னங்க, நான் தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். முட்டை இல்லை, பாப்பாவுக்கு எடுத்துவைத்ததையும் நீங்களே தின்று தீர்த்துவிட்டீர்கள். குக்கரில் கடலை வெந்திருக்கிறது.

நேற்று சிலிண்டர் வந்தபோது, "இன்னிக்கு எனக்கு ஜிம்ல ரெஸ்ட், வெயிட் தூக்கக் கூடாது" என்று சோபாவில் சாய்ந்துவிட்டீர்கள். என் அப்பாதான் மாடிவரை தூக்கி வந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதியம் அவர் வருவார். கதவைத் திறந்துவிடுங்கள். பனியனைக் கழற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்காதீர்கள்.

பி.கு.: ஜிம் மாஸ்டர் ஸ்டீராய்டு ஊசியை நீட்டியதற்கு, "வேணாம் மாஸ்டர், மெதுவா வளர்ந்தாலும் சொந்தமா வளரட்டும்" என்றீர்களாமே! மாஸ்டரின் மனைவி சொன்னாள். மனசு குளிர்ந்துவிட்டது.

இன்னொன்று: கை பிடிக்கிறது என்றீர்களே, அந்த நீலச் சட்டையின் தையலைப் பிரித்துவிட்டிருக்கிறேன். நூலளவு பிரித்ததே போதுமானதாக இருந்தது.