கடைசி சைபர்

நவம்பர் 6, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. மாடியில் துணி எடுக்க மறந்து எல்லாம் மறுபடியும் நனைந்தது.

இன்று: இன்வெர்ட்டருக்குத் தண்ணீர். ஸ்கூட்டர் பிரேக். சோப்புக் கம்பெனித் திரையில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். அண்ணனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, பிரான்ஸ் நேரம் பார்த்து.

அழைப்பு: 2. இரண்டும் குமுதா.

எங்கள் ஊர் ஓரம், மேட்டுப்பாளையம் சோப்புக் கம்பெனியில் வாசனை எண்ணெய் எடை போடுகிற பெண். தராசிலிருந்து எடை திரைக்கு வரும். திரை கூட்டும். மொத்தம் கலவைக் குறிப்பில் உள்ள அளவோடு பொருந்தினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பானதை ஒதுக்கிவிடுவார்கள், எடை போட்டவர் பெயர் அறிக்கையில் ஏறும். அந்தத் திரையை எழுதியது நான். தொல்லை வந்தால் கூப்பிடுங்கள் என்று என் எண்ணை அதன் ஓரத்தில் ஒட்டியதும் நான்தான். கூப்பிடுகிற ஒரே ஆள் குமுதா.

இன்றும் செவப்பு. "பாயிண்ட் ஒண்ணு, பாயிண்ட் ரெண்டு. கூட்டினா பாயிண்ட் மூணுன்னுதான் மேடம் காட்டுது. ஆனா செவப்பு வருது." பக்கத்தை மூடித் திறக்கச் சொன்னேன். இதையேதான் மூன்று மாதமாகச் சொல்கிறேன். அவரும் அதையே செய்கிறார். அப்புறம் அங்கே மழையா என்று கேட்டார். நான் பால்கனிக் கதவைத் திறந்து போனை வெளியே நீட்டினேன். சிரித்தார்.

மதியம் நேற்றைய குழம்பு.

நவம்பர் 7, வியாழன்

தூறல். இன்வெர்ட்டர் ஆயிற்று. பிரேக் ஆகவில்லை. அண்ணன் வாழ்த்துக்குக் கட்டைவிரல் அனுப்பியிருக்கிறான்.

அழைப்பு: 1. குமுதா. செவப்பு இல்லை இன்று, சும்மா ஒரு சந்தேகம். முன்பெல்லாம் 0.300 என்று மூன்று இலக்கம் காட்டுமே, இப்போது ஏன் 0.3 மட்டும்? சூப்பர்வைசர் மோகன்தான் ஆகஸ்டில் சொன்னார், பின்னால் வரும் சைபர்கள் நெருக்கியடிக்கின்றன, எடுத்துவிடுங்கள் என்று. எடுத்தேன், அவ்வளவுதான் என்றேன். "அந்தக் கடசி சைபர் இருந்தா, அது வரைக்கும் பாத்துட்டோம்னு ஒரு தைரியம் இருக்கும் மேடம். இப்ப பாத்தமா பாக்கலையான்னே தெரியல."

இதை யோசித்துக்கொண்டே இட்லி மாவு வாங்கப் போய், மாவு வாங்காமல் கொத்தமல்லியோடு வந்தேன்.

மாலை மோகனிடமிருந்து மின்னஞ்சல். குமுதா மேசையில் மட்டும் சிவப்பு அதிகம், பக்கத்து மேசையில் ஒன்றுகூட இல்லை. கோளாறு மென்பொருளிலா, கையிலா? சர்வரில் போய்ப் பார்த்தேன். அங்கே நிரல் பைத்தான் மொழியில். எண்களைப் பத்து பத்தாகவே வைத்துக்கொள்ளும் டெசிமல் முறையில் எழுதியிருக்கிறேன். எல்லாம் சரி. ஐந்து நிமிடத்தில் பதில் போட்டேன்: கணக்கில் பிழை இல்லை, எடை போடும் கையைக் கவனிக்கவும்.

கீழ் வீட்டு மதாம் (வீட்டுக்காரர், தெரு முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறது) பால் அட்டையில் 0,5 என்று எழுதியிருந்தார். அரை லிட்டர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பழக்கம், புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் காற்புள்ளி. புது பால்காரர் ஐந்து லிட்டர் என்று நினைத்து வாசலில் ஒரே பேச்சு. மாடியிலிருந்து கேட்டுத் தனியாகச் சிரித்தேன். சொல்லிச் சிரிக்க ஆள் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 9, சனி

வெயில். துணி கடைசியில் காய்ந்தது.

நேற்றும் இன்றும் குமுதா அழைக்கவில்லை. சிவப்பே வரவில்லை போல. நல்லதுதான்.

பெட்ஷீட் மாற்றினேன். அலமாரிக் காகிதம் மாற்றினேன். அம்மா இருந்த அறை ஜன்னலுக்கு எண்ணெய் விட்டேன். நான்கு மணிக்கே வேலை தீர்ந்துவிட்டது. போனை எடுத்து மணி அடிக்கிறதா என்று லேண்ட்லைனிலிருந்து அடித்துப் பார்த்தேன். அடிக்கிறது. வெட்கமாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் செய்கிற காரியமா.

நவம்பர் 11, திங்கள்

மறுபடி மேகம். மாவு வாங்கினேன்.

மூன்றாவது வேலை நாள், அழைப்பு இல்லை. பதினொரு மணிக்கு நானே கம்பெனிக்கு அடித்தேன். எழுத்து பெரிதாகத் தெரிகிறதா என்று கேட்கிற சாக்கு. மோகன் எடுத்தார். தெரிகிறது மேடம், நல்லா இருக்கு. குமுதா எப்படி இருக்கிறார் என்றேன். "அவங்க இப்ப பேக்கிங்ல இருக்காங்க மேடம். வெள்ளிக்கிழமையே மாத்திட்டோம். நீங்கதான் கையைப் பாருங்கன்னு எழுதினீங்களே." குறையாகச் சொல்லவில்லை. நன்றியாகச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு சமையலறையில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை.

சர்வரைத்தான் பார்த்தேன். திரையை நான் பார்க்கவே இல்லை. அது என் வீட்டுப் பிள்ளை மாதிரி, தப்பு செய்யாது என்று ஒரு திமிர்.

மதியம் திரையின் நிரலைத் திறந்தேன். அது ஜாவாஸ்கிரிப்ட், பிரௌசருக்குள் ஓடுவது. ஆகஸ்டில் எழுதிய ஒரு வரி. சர்வர் "0.100" என்று மேற்கோளுக்குள் எழுத்தாகப் பத்திரமாக அனுப்புகிறது. பின்னால் வரும் சைபரை எடுக்க நான் அதை எண்ணாக மாற்றியிருக்கிறேன். சைபர் போயிற்று. கூடவே துல்லியமும் போயிற்று.

0.1 + 0.2 அடித்தேன். 0.30000000000000004 என்றது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே தெரிந்துகொண்ட விஷயம். பத்துப் பேருக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். பிரௌசருக்கு அரை தெரியும், கால் தெரியும், அரைக்கால், மாகாணி தெரியும். பாதி பாதியாகத்தான் போகும். பத்தில் ஒன்றை அவற்றை வைத்துக் கட்டவே முடியாது, கிட்டே போய் நின்றுவிடும். பக்கத்து மேசையில் அரைக் கிலோ, கால் கிலோ குறிப்புகள் மட்டும். அதனால் அங்கே எப்போதும் பச்சை. குமுதா மேசையில் பாயிண்ட் ஒன்று, பாயிண்ட் இரண்டு, பாயிண்ட் ஏழு. திரை மொத்தத்தை மூன்று இலக்கத்துக்குச் சுருக்கிக் காட்டியதால் கண்ணுக்கும் தெரியவில்லை.

அவர் மூன்று மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சரியாகக் காட்டுகிறது, ஆனால் சிவப்பு வருகிறது என்று. அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. நான் மழையைப் பற்றிப் பேசினேன். முதல் நாளே உட்கார்ந்து பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை. அழைப்பு நின்றுவிடும் என்றுதான் தள்ளிப்போட்டேனோ? இல்லை என்று எழுதக் கை வரவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. காலை ஐந்தரைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

செய்தது:
எடை இரு பக்கமும் எழுத்தாகவே போகும், எழுத்தாகவே வரும்.
திரையில் கூட்டுவதற்குத் தனி டெசிமல் நிரல் நூலகம்.
மூன்று இலக்கம் கட்டாயம். சைபர்கள் திரும்ப வந்தன.
ஆகஸ்ட் முதலான சிவப்புகள் எல்லாவற்றையும் சர்வரில் மறுபடி கூட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட கையின் பிழை இல்லை.

கடைசி வரியை எழுதியபின் கொஞ்சநேரம் அழுதேன். பிறகு மோகனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன், பிழை என்னுடையது என்று முதல் வரியிலேயே. மதியம் பதில்: பரவாயில்லை மேடம், சரி பண்ணிட்டீங்களே, போதும். குமுதாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அழைத்தேன். அந்த மேசைக்கு வேறு ஆள் பழகியாச்சு, அவங்களும் பேக்கிங்ல செட் ஆயிட்டாங்க, விடுங்க என்றார்.

விட முடியாது. நாளை நேரில்.

நவம்பர் 13, புதன்

மழை விட்டிருந்தது. பிரேக் சரி செய்யாமலே போனேன். வழியெல்லாம் தண்ணீர்.

எடை அறையில் மின்விசிறி கிடையாது, காற்றில் தராசு ஆடும் என்று. எலுமிச்சைப்புல் வாடை தலைக்கு ஏறியது. மோகனையும் எடை போடுகிற மற்ற நான்கு பேரையும் நிற்கவைத்து, பழைய திரையில் 0.1, 0.2 போட்டுக் காட்டினேன். சிவப்பு. தராசில் எதுவுமே இல்லை, எண்ணை நான்தான் தட்டினேன், அப்போதும் சிவப்பு. மோகன் அவரே ஒருமுறை தட்டிப் பார்த்தார். பேக்கிங்கிலிருந்து குமுதாவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் முன்னாலும் காட்டினேன். மெஷின் தப்பு என்று யாரோ சொன்னார்கள். இல்லை, என் தப்பு என்றேன். திங்கட்கிழமை முதல் பழைய மேசைக்கே வந்துவிடுங்கள் என்று மோகன் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

குமுதாவுக்கு நான் நினைத்ததைவிட வயது குறைவு. முப்பது இருக்கலாம். போனில் பெரியவர் மாதிரி குரல். கேட் வரை கூடவே வந்தார். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"நாலு பேர் எதிர்ல என் கை நடுங்குதுன்னு சொல்லிட்டாங்கக்கா. நானும் நம்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போயி கையக் காட்டினேன். ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க, அப்பவும் நம்பல. வீட்டுல குழந்தைக்கு மருந்து ஊத்தறதக்கூட எங்க வீட்டுக்காரரத்தான் ஊத்தச் சொன்னேன்."

அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். அது ஆடவே இல்லை.

"இனிமே செவப்பு வராதுல்லக்கா?"

வராது என்றேன். வந்தால் கூப்பிடுங்கள் என்று சேர்த்தேன். அக்கா என்று எப்போது ஆனேன் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

நவம்பர் 15, வெள்ளி

வானம் மூடாக்கு. பிரேக் மாற்றியாயிற்று. கடைக்காரர், இந்தப் பிரேக்கோடயா மேட்டுப்பாளையம் போய் வந்தீங்க என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மதாம் பால் அட்டையில் இப்போது ½ என்று எழுதுகிறார்.

நவம்பர் 18, திங்கள்

நல்ல வெயில்.

காலையிலிருந்து சர்வர் பதிவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கத் தேவையே இல்லை. 9.12, குமுதா, 0.300, பச்சை. 9.31, குமுதா, 0.600, பச்சை. 9.55, குமுதா, 0.800, பச்சை. ஒவ்வொரு வரி விழும்போதும் சந்தோஷம். கூடவே போனை ஒருமுறை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டு மணிக்கு நின்றது. இரண்டு மணிக்கு மறுபடி ஆரம்பித்தது. ஐந்தரை வரை இருபத்தாறு கலவை, எல்லாம் பச்சை.

துணி எடுத்தேன். புது மாவு இன்னும் இரண்டு நாள் வரும்.

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். யாரும் அழைக்காத நாட்களில் அழைப்பு என்ற வரியையே எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுதாவிட்டால், பார்க்கவில்லை என்றுதானே ஆகும்.

அழைப்பு: 0. பார்த்தேன்.