என் பெயரில் வரும் மெயிலைத் திறக்காதே

கிழக்கு தாம்பரம்,
வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி.

அன்பு மருமகள் அபிகாயிலுக்கு,

அத்தை எழுதுகிறேன். உனக்கும் பேத்தி ஜெரூஷாவுக்கும் கர்த்தர் துணை நிற்கட்டும். நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. இதைப் படித்து முடித்ததும் பெட்டியைக் கட்டு. இன்றைக்கே அந்த விடுதியை விட்டுக் கிளம்பு. நீங்கள் உறையூரில் இருப்பது ஜேசனுக்குத் தெரிந்துவிட்டது.

இதைக் கொண்டுவரும் பிளஸ்ஸி எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர். தங்கையைப் பார்க்க மதிய ரயிலில் திருச்சி வருகிறாள். துருவிக் கேட்க மாட்டாள், நம்பலாம். உன் போன் நம்பர் என்னிடம் இல்லாமல் இருப்பதே நல்லது என்று நாம்தான் முடிவு செய்தோம். இன்றைக்கு அதுவே எவ்வளவு பேஜாராகிவிட்டது பார்.

தவறு என்னுடையது. சபையின் ஜெப விண்ணப்பங்கள் என் கம்ப்யூட்டருக்குத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். புதன்கிழமை, அவசர ஜெபம் என்ற தலைப்பில் ஒரு மெயில் வந்தது. கூட இணைத்திருந்ததைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. யாரோ பாவம், பதற்றத்தில் எழுத மறந்துவிட்டார்கள் என்று அவருக்காகவும் ஜெபித்தேன். என் புத்தியை என்ன சொல்ல! மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. சபையார் இருநூறு பேருக்கும் என் பெயரில் மெயில் போயிருக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் எனக்கு வந்த பழைய கடிதம் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு வீட்டு ரகசியம் இன்னொரு வீட்டுக்கு. ஜூன் மாதம் நீ ஜெபம் கேட்டு, விடுதியின் பெயரும் தெருவும் போட்டு எழுதினாயே, அதுவும் போயிருக்கிறது. அந்த இருநூறு பேரில் ஜேசனும் ஒருவன்.

அதை அன்றைக்கே அழித்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஜெபக் குழுவில், ஜெபம் கேட்கப்பட்டது, காரியம் கைகூடியது என்று நன்றி சொல்லி ஸ்தோத்திரக் கடிதம் வரும்வரை விண்ணப்பத்தை அழிப்பதில்லை. உன்னுடையதைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை.

கம்ப்யூட்டர் கடை வேதாசலம் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இன்னாம்மா, எட்டு மாசமா அப்டேட்டே போடாம வச்சிகினு கீறீங்க, ஓட்டை கீதுன்னு கம்பெனிக்காரனே சொல்லி, அத்த அடைக்கத்தானே அனுப்புறான் என்றார். தினமும் காலையில் அந்தக் கட்டம் வரும். தினமும் ‘பிறகு’ என்பதை அழுத்துவேன். சோம்பேறித்தனம் இல்லை, அபி. எனக்குத் தனியாகப் போடத் தெரியாது. வாராவாரம் ஜேசன், குடும்மா, நான் போட்டுத் தரேன் என்பான். அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உன் கடிதங்கள் கண்ணில் படுமே என்று பயந்தேன். உன்னை மறைத்து வைப்பதாக நினைத்து எட்டு மாதமும் கதவைத் திறந்து போட்டிருக்கிறேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து என்ன பிரயோஜனம்?

வேதாசலம் வேலையை முடிப்பதற்குள், நாவலூர் ஆபீஸிலிருந்து ஜேசன் வந்துவிட்டான். மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் என்றைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறான்? நான் பாத்துக்கறேண்ணா என்று அவரை அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து அப்டேட் போட்டான். புது பாஸ்வேர்டும் வைத்தான். இப்ப சேஃப்மா என்றான். அந்த பாஸ்வேர்டை இதுவரை எனக்குச் சொல்லவில்லை. அதனால் இனிமேல் என் பெயரில் எந்த மெயில் வந்தாலும் திறக்காதே. அத்தைக்கு உடம்பு முடியவில்லை என்று வந்தாலும், செத்துப்போனேன் என்றே வந்தாலும், பதில் போடாதே.

இன்று காலை இட்லி சாப்பிடும்போது, உறையூர்ல நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாம்மா என்று மெதுவாகக் கேட்டான். அவன் அப்படி மெதுவாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். யாருமில்லை என்று சொல்லி அவன் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தேன். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கிறான். காருக்குக் காற்று அடித்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறான்.

எங்கே போகிறாய் என்று எனக்கு எழுதாதே. பிளஸ்ஸியிடமும் சொல்லி அனுப்பாதே. எனக்குத் தெரிந்தால் அவன் எப்படியும் என்னிடமிருந்து வாங்கிவிடுவான்.

இன்னொன்று. இதைக் கிழித்துவிடாதே. நீ குளியலறையில் வழுக்கி விழுந்தாய் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தவள் நான். அது பொய். உன் கையை முறித்தவன் ஜேசன். சமையலறை வாசலில் நின்று நான் பார்த்தேன். போலீஸிலோ கோர்ட்டிலோ, எங்கே காட்ட வேண்டுமோ அங்கே இதைக் காட்டு. என்னைக் கூப்பிட்டால் வந்து சொல்வேன்.

குழந்தைக்கு ரயிலில் குளிரும், தலைக்குத் துணி கட்டு. போகிற இடத்தில் உங்கள் இருவருக்கும் கர்த்தர் நிம்மதியான தூக்கத்தைத் தரட்டும். என்னை மன்னிக்க முடிகிற அன்றைக்கு மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
ஞானஜோதி,
ஜேசனைப் பெற்றவள்.