பன்னிரண்டாவது முட்டை

அன்பு மகளே,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்குபேட்டரில் வைத்த அசல் இனக்கோழி முட்டைகளில் பதினொன்று பொரிந்துவிட்டன. பென்சிலால் குறியிட்டு, வேளை தவறாமல் திருப்பியது வீண்போகவில்லை.

பன்னிரண்டாவது, ஓட்டில் துளை போட்டுவிட்டு நாள் முழுக்கக் கத்தியது.

"பாவங்க, கொஞ்சம் பிரிச்சு விடுங்களேன்" என்றாள் உன் அம்மா.

"தானா வெளிய வரணும். நாம கை வைக்கக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

சாயங்காலம் சத்தம் நின்றது.

"நம்ம பொண்ணு புகுந்த வீட்டுலேர்ந்து அழுதப்பவும் இதைத்தானே சொன்னீங்க? பொறுத்துப் போ, தானா சரியாகும்னு!" என்றாள் உன் அம்மா.

உன்னை அங்கிருந்து அழைத்துவர வரட்டுமா என்று கேட்கவே உட்கார்ந்தேன். பார், இப்போதும் கிளம்பாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் அப்பா